தூத்துக்குடிக்கு ஒரு நாள்: மதுரையிலிருந்து போய்வர யோசனை வேணும்

கோச்சடை_வாசி:
ஒரு சனிக்கிழமை காலையில் காரில் கிளம்பி, ராத்திரிக்குள் மதுரை திரும்பணும். எழுபது தாண்டிய பெரியவங்க ரெண்டு பேர், பிள்ளைங்க ரெண்டு பேர். பழைய துறைமுக ஊர்ங்கிற கணக்கில் எதைப் பார்க்கலாம்? துறைமுகத்துக்குள்ள விடுவாங்களா? அப்படியே திருச்செந்தூரையும் முடிச்சிரலாமா? ஏப்ரல் கடைசியா, ஜூலை கடைசியான்னு இன்னும் முடிவாகலை. அந்த ஊர் மக்ரூன் இனிப்பை எப்படிப் பார்த்து வாங்கணும்னும் சொல்லுங்க.

பழைய_பாலம்:
முதல்ல மாசத்தை முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அதைப் பொறுத்துத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கட்டியே கிடக்கும், மீன் விலையும் ஏறியிருக்கும். ஆனா உப்பளம் பார்க்க அதுதான் சரியான காலம். ஜூலை 26-ல் பனிமய மாதா கோயில் கொடியேத்தம், ஆகஸ்ட் 5 திருவிழா. அந்தப் பத்து நாளும் பீச் ரோட்டில் கார் நிறுத்த இடம் தேடியே பாதிப் பொழுது போயிரும். கூட்டம் ஆகாதுன்னா ஜூலை முதல் பாதியில் போங்க.

துறைமுகத்துக்குள்ள பாஸ் இல்லாம விட மாட்டாங்க, கேட்டில் போய் கெஞ்சிப் பிரயோஜனமில்லை. ஊருக்குத் தெற்கே புதுத் துறைமுகம் போற வழியில் கடற்கரை இருக்கு, தூரத்துக் கப்பல்களை அங்கிருந்து பார்க்கலாம். பழைய துறைமுகம் ஊருக்குள்ளயே இருக்கு. மரத் தோணிகள் மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்துறது அங்கிருந்துதான். இந்த ஊர்க் கடலோரத்தில் ஆழம் கம்மி. அந்தக் காலத்தில் நீராவிக் கப்பல் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும், சரக்கையும் ஆளையும் தோணிதான் கொண்டுபோய் சேர்க்கும். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி ‘காலியா’, ‘லாவோ’ன்னு ரெண்டு கப்பல் விட்டது இங்கேயிருந்து கொழும்புக்கு. 1914-ல் தனுஷ்கோடி வழி திறக்குற வரைக்கும் சென்னையிலிருந்து இலங்கை போறவங்களும் ரயிலில் இங்க வந்துதான் கப்பல் ஏறினாங்க. பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிட்டுத் தோணியைக் காட்டுங்க. சும்மா காட்டினா ‘பெரிய படகு’ன்னு சொல்லிட்டு ஐஸ்கிரீம் கேப்பாங்க.

மாதா கோயில் 1713-ல் கட்டினது. உள்ளே இருக்குற சொரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததுன்னு சொல்வாங்க. தங்கத்தேர் வருஷா வருஷம் ஓடாது, விசேஷ ஆண்டுகளில் மட்டும்தான். செருப்பை வெளியே விட்டுட்டுத்தான் உள்ளே போகணும், மத்தியான வெயிலில் தரை சுடும், பெரியவங்களைக் காலையிலேயே கூட்டிட்டுப் போயிருங்க. 1658-லிருந்து ஊர் டச்சுக்காரர் கையில் இருந்துச்சு. அவங்க கம்பெனிக்கும் சுருக்கம் வி.ஓ.சி.தான். இப்போ துறைமுகத்துக்கு வ.உ.சி. பேரு. வேடிக்கையான பொருத்தம்!

பாத்திக்காடு:
உப்பளம் பத்தி மட்டும் சொல்றேன். திருச்செந்தூர் ரோட்டில் முள்ளக்காடு பக்கம், வடக்கேன்னா தருவைகுளம், வேப்பலோடை பக்கம் போங்க. காலை எட்டு மணிக்குள் போனாத்தான் வேலை நடக்குறதைப் பார்க்கலாம், அப்புறம் கண்ணைத் திறக்க முடியாது. வெள்ளைத் தரையிலிருந்து வெளிச்சம் எகிறி அடிக்கும். தொப்பி மட்டும் போதாது, எல்லாருக்கும் கூலிங் கிளாஸ் வேணும்.

உப்பளத்துக்காரர்கிட்ட கேட்டுட்டு வரப்பில் மட்டும் நடங்க. பாத்திக்குள் கால் வச்சா, மிதிச்சு இறுக்கி வச்ச தரை கலைஞ்சு உப்பில் மண் ஏறிரும், அப்புறம் அது கழிவுதான். தண்ணியோட அடர்த்தியை அளக்குற போமே மானியில் கடல்தண்ணி 3 பாகை காட்டும். ஒவ்வொரு பாத்தியாக மாத்தி மாத்திக் காயவிட்டு 25 பாகை வந்ததும் உப்பு பூக்கும். முதல்ல மேலே மெல்லிய ஆடை மாதிரி படியும். அது உடைஞ்சு கீழே இறங்கி, பரல் பரலாத் திரளும். 29, 30 பாகைக்கு மேல விட்டா மெக்னீசியம் சேர்ந்து கசக்கும், அதனால மிச்சத் தண்ணியை வெளியேத்திருவாங்க. அக்டோபர் மழை இறங்கிட்டா எல்லாம் நின்னுரும், குவிச்ச உப்பு மேல மூடாக்கு மட்டும்தான் தெரியும்.

கோச்சடை_வாசி:
ரொம்ப நன்றிங்க. அப்போ திருச்செந்தூர்?

நாலுவழிச்சாலை:
வேண்டாம் சார். தூத்துக்குடியிலிருந்து போக 40 கிலோமீட்டர், வர 40. சனிக்கிழமை வரிசை எவ்வளவு நேரம் இழுக்கும்னு சொல்லவே முடியாது. ஒரு ராத்திரி தங்குறதா இருந்தா மறுநாள் காலையில் கும்பிட்டுட்டு ஸ்ரீவைகுண்டம், ஆதிச்சநல்லூர், திருநெல்வேலி வழியா மதுரை திரும்புங்க. ஆதிச்சநல்லூரில் பழங்காலத்தில் இறந்தவங்களைப் புதைச்ச தாழிகளை இருந்த இடத்திலேயே விட்டு, கண்ணாடித் தளத்துக்கு மேலே நின்னு பார்க்குற மாதிரி வச்சிருக்காங்க. பாண்டியர் காலத் துறைமுகமான கொற்கையும் அந்தப் பக்கம்தான். ஆனா அங்கே கடலைத் தேடாதீங்க. தாமிரபரணி வண்டல் சேர்ந்து கடற்கரை கிழக்கே தள்ளிப் போய் ரொம்ப நாளாச்சு. பழைய துறைமுகம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனா வயலும் வன்னி மரமும்தான் இருக்கும்.

ஒரே நாள்னா இப்படி வச்சுக்கோங்க. விடியக்காலை நாலரைக்கே அருப்புக்கோட்டை ரோட்டைப் பிடிச்சிருங்க. உப்பளம், மாதா கோயில், பழைய துறைமுகம் மூணும் மத்தியானத்துக்குள்ள. வெயில் தாழ்ந்ததும் பீச். திரும்பும்போது குறுக்குச்சாலையில் திரும்பி ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு, பக்கத்துல பாஞ்சாலங்குறிச்சி. அங்கே இருக்குற கோட்டை 1974-ல் எழுப்பின நினைவுக் கோட்டை, பழசுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிராதீங்க. ரெண்டையும் பார்க்கணும்னா பீச்சைச் சுருக்கணும், இருட்டினப்புறம் போய்ப் பிரயோஜனமில்லை.

விசைப்படகு மீன் ஏலம் பார்க்க ஆசைன்னா, காலை அஞ்சுக்குப் போற படகு ராத்திரி ஒன்பது வாக்கில்தான் கரை திரும்பும். ஒரு நாள் பயணத்தில் அது ஒட்டாது. திரேஸ்புரம் நாட்டுப்படகுத் துறை போதும்.

அடுமனை_வாசம்:
மக்ரூனுக்கு மாவே கிடையாது. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரித் தூள், அவ்வளவுதான். நுரை பொங்க அடிச்சு, கூம்பாப் பிழிஞ்சு, தணிஞ்ச சூட்டில் ரொம்ப நேரம் காயவிடணும். கூம்பு முனை நிமிர்ந்து நிக்கணும். அமுங்கித் தட்டையா இருந்தா நுரை சரியா வரலைன்னு அர்த்தம். ஒண்ணைக் கையில் உடைச்சுப் பாருங்க. ‘மொறுக்’னு பொடிஞ்சு வாயில் கரையணும். பல்லில் ஒட்டினா ஈரம் ஏறினது, வாங்காதீங்க. எடை ரொம்ப லேசு, கால் கிலோவே பெரிய பொட்டலமா வரும், அதனால கிலோக் கணக்கில் சொல்லிராதீங்க. கடல்காத்து படப்பட நமுத்துப் போகும். ஊரை விட்டுக் கிளம்பும்போது கடைசியா வாங்கி, காத்துப்புகாத டப்பாவில் உடனே மாத்துங்க. டிக்கியில் அடியில் வச்சா வீட்டுக்குத் தூள்தான் வந்து சேரும்.

சாயங்காலம் ‘நைட் கிளப்’னு போர்டு பார்த்துப் பெரியவங்க மிரண்டுரப் போறாங்க. இந்த ஊரில் பரோட்டாக் கடைக்கு அதுதான் பேரு.

பழைய_பாலம்:
ஒண்ணு விட்டுப்போச்சு. பீச்சில் யாராவது பவளப்பாறைத் துண்டை அழகுக்குன்னு நீட்டினா தொடாதீங்க. 1972 வனவிலங்குச் சட்டப்படி வச்சிருக்கிறதே குற்றம். வெண்சங்கு வாங்கலாம், கடையில் பில்லோட வாங்கிக்கோங்க.