16 கிலோ நாட்டு நாய்: ஒரு நாள் சக்திச் செலவை அளப்பது எப்படி?

தோப்புக்காவல்:
ஆண், 4 வயது, 16 கிலோ. பகலில் தென்னந்தோப்பு, ராத்திரி களத்துக் காவல். சூத்திரம் 560 கிலோ கலோரி என்கிறது. தீவனப் பை கிட்டத்தட்ட இரு மடங்கு சொல்கிறது. கழுத்துப்பட்டை மீட்டரோ தினம் ஒரு கணக்கு. வீட்டிலேயே அளக்க வழி உண்டா?

கோரையாறு:
560 என்பது சும்மா படுத்துக் கிடந்தால் ஆகும் செலவு. எடையை 16 × 16 × 16 என்று பெருக்கி, வர்க்கமூலப் பொத்தானை இரு தடவை அழுத்துங்கள்: 4096, 64, 8. அந்த 8ஐ 70ஆல் பெருக்கினால் 560. ஓடியாடும் நாய்க்கு 130ஆல் பெருக்குவார்கள், 1040. பை சொல்வது அதைத்தான். இரண்டுமே சராசரி. பட்டை எண்ணுவது அசைவை மட்டும். மூச்சிரைப்பது அதன் கணக்கில் வராது.

வீட்டில் முடிந்தது தீனியை அளப்பதுதான், நான்கு வாரம். சோற்றை எடை போடாதீர்கள். ஒரு நாள் குழையும், ஒரு நாள் விறைக்கும்; வடித்தால் கஞ்சியோடு மாவும் போய்விடும். அரிசியாக நிறுத்து, தனிப் பாத்திரத்தில் வடிக்காமல் பொங்குங்கள். 100 கிராம் அரிசிக்குச் சுமார் 350, முட்டை ஒன்றுக்குச் சுமார் 70 கிலோ கலோரி. மிச்சம் வைத்ததைக் கழியுங்கள்.

நாயை வாரம் இருமுறை, விடியற்காலை வெளிக்குப் போய் வந்ததும், தீனிக்கு முன்னால் நிறுங்கள். 28 நாளில் 300 கிராம் ஏறினால், கிராமுக்கு ஏறக்குறைய 7 கிலோ கலோரி வீதம் 2100; நாளுக்கு 75. தின்றதில் இந்த 75 போக மீதி செலவு. இளைத்தால் கூட்டிக்கொள்ளுங்கள்.

தோப்புக்காவல்:
நெல் மூட்டை போடும் மின்தராசு போதுமா சார்?

வரப்பு:
50 கிராம் படியில் காட்டினால் போதும். தட்டில் சாக்கு விரித்துப் பூஜ்யமாக்கி, மூன்று தடவை ஏற்றி நடு எண்ணை எழுதுங்கள். நாய் ஆடினால் எண் குதிக்கும்.

பெரிய ஓட்டை தராசில் இல்லை, எலியில். அறுப்பு நேரத்தில் வரப்பைத் தோண்டி அது தின்னும் எலிக்கு யார் கணக்கு எழுதுவது? எடை நிற்கும், நோட்டில் செலவு குறைவாகத் தெரியும். அறுப்பு முடிந்தபின் தொடங்குங்கள். கறிக்கடைக் கழிவும் அந்த நாலு வாரம் வேண்டாம்.

கோரையாறு:
சரிதான். ஆய்வகத்தில் என்றால் முகமூடி போட்டு மூச்சை அளப்பார்கள்: ஆக்சிஜன் லிட்டருக்கு 3.94, கரியமில வாயு லிட்டருக்கு 1.11 கிலோ கலோரி, இரண்டையும் கூட்டினால் செலவு. ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டு, சூடும் குளிரும் அதிகமில்லாத அறையில் படுக்க வைத்து எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும் நாயிடம் எடுத்தால், உடம்பில் தேங்கிய கரியமில வாயுவும் சேர்ந்து வெளியேறி, வாயு விகிதம் (வெளிவிடும் கரியமில வாயுவை உள்ளிழுத்துச் செலவான ஆக்சிஜனால் வகுத்தது) 1.0ஐத் தாண்டும். அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிடலாம். மூக்கோரம் கசிந்தாலோ செலவு குறைவாகக் காட்டும்.

அவிழ்த்துவிட்ட நாய்க்கு இரட்டை முத்திரை நீர்தான் வழி: கன ஹைட்ரஜன், ஆக்சிஜன்-18 என்ற கன ஆக்சிஜன், இரண்டும் அடையாளமாகச் சேர்த்த தண்ணீர். கன ஹைட்ரஜன் நீராக மட்டும் வெளியேறும். ஆக்சிஜன்-18 நீராகவும் கரியமில வாயுவாகவும் போகும். இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசம்தான் மூச்சில் போன கரியமில வாயுவின் கணக்கு; அதிலிருந்து செலவு. கொடுப்பதற்கு முன் ஒரு ரத்த மாதிரி, உடம்பில் கலந்தபின் ஒன்று, ஒரு வாரம் பத்து நாளில் ஒன்று. நம்ம ஊர்ச் சூட்டில் நாய் நிறையக் குடிப்பதால் இரண்டுமே நீரோடு ஓடிவிடும். வித்தியாசம் சிறுத்துப் பிழை பெருகும், நாளைக் குறைக்க வேண்டும். நடுவில் மேட்டூர் தண்ணீர் வந்து, போர் தண்ணீரை விட்டு வாய்க்காலில் குடிக்க ஆரம்பித்தால் உடம்பில் இவை இயல்பாக இருக்கும் அடிப்படை அளவே நகரும். ஆக்சிஜன்-18 விலையும் கொஞ்சநஞ்சமல்ல. உங்களுக்கு அரிசி நோட்டே போதும்.