தொட்டி மண்ணில் தக்காளி, மிளகாய்: எந்த இயற்கை உரத்தை, எந்தக் கட்டத்தில் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 20 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டிகளில் தக்காளியும் மிளகாயும் வளர்க்க இருக்கிறேன். இரண்டு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு என்ற அளவில் கலவை தயாரித்திருக்கிறேன். இரசாயன உரம் எதுவும் இடக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஆனால் இயற்கை உரங்களிலேயே எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் தெளிவு கிடைக்கவில்லை. வேப்பம் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, ஆமணக்குப் புண்ணாக்கு, எலும்புத் தூள், மரச் சாம்பல், மீன் அமிலம், கடற்பாசிச் சாறு என ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் இன்றியமையாதது என்கிறார்.

வளர்ச்சிப் பருவத்தில் தழைச்சத்தும் (நைட்ரஜன்), பூக்கும் பருவத்தில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மிகுதியாகத் தர வேண்டும் என்றும், அதற்காகவே 'பூப்பு ஊக்கி' என்ற பெயரில் தனி உரங்கள் இருக்கின்றன என்றும் படித்தேன். மண்ணில் வளரும் செடிக்கு இப்படி உரத்தை மாற்றி மாற்றித் தருவது உண்மையிலேயே தேவைதானா? திட உரம் போதுமா, திரவ உரமும் வேண்டுமா? அளவுகளையும் காரணங்களையும் சேர்த்துச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. இயற்கை உரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பதைவிட, அந்தச் சத்து எப்போது செடிக்குக் கிடைக்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புண்ணாக்கில் உள்ள தழைச்சத்து பெரும்பாலும் புரதமாக இருக்கிறது. அதை வேர் அப்படியே உறிஞ்ச முடியாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியமாக்கி, பிறகு வேறு சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிய பின்னரே செடி தாராளமாக எடுத்துக்கொள்கிறது. இந்த வேலை மண்ணின் வெப்பம், ஈரம், காற்றோட்டம் ஆகியவற்றைப் பொறுத்து விரைவாகவோ மெதுவாகவோ நடக்கும். குளிர்ந்த மண்ணிலும் தண்ணீர் தேங்கிய மண்ணிலும் ஏறத்தாழ நின்றே போகும். பையில் அச்சிட்டிருக்கும் என்.பி.கே. (தழை, மணி, சாம்பல் சத்துகளின் விழுக்காடு) எண்களை மட்டும் வைத்து இரண்டு இயற்கை உரங்களை ஒப்பிடுவது இதனால்தான் தவறான முடிவைத் தருகிறது.

அளவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். தக்காளிச் செடி ஒரு கிலோ பழம் தருவதற்கு, இலை, தண்டு எல்லாம் சேர்த்து, சுமார் 3 கிராம் தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு செடியில் 3 கிலோ பழத்தை எதிர்பார்த்தால் 9 கிராம் வேண்டும். உங்கள் கலவையில் உள்ள 5 லிட்டர் மண்புழு உரம் ஏறக்குறைய 3 கிலோ எடை இருக்கும், அதில் பாதி ஈரம். எஞ்சிய ஒன்றரைக் கிலோவில் 1.5 விழுக்காடு தழைச்சத்து இருப்பதாகக் கொண்டால் மொத்தம் 22 கிராம். பார்ப்பதற்கு இது தாராளமாகத் தோன்றும். ஆனால் மண்புழு உரம் ஏற்கனவே நன்கு மட்கிவிட்ட பொருள் என்பதால், ஒரு பருவத்தில் அதிலிருந்து 10 முதல் 20 விழுக்காடுதான் விடுபடும். ஆக 3 கிராம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 6 கிராமைப் புண்ணாக்குகள்தான் தர வேண்டும்.

வேப்பம் புண்ணாக்கில் சுமார் 5 விழுக்காடும், கடலைப் புண்ணாக்கில் சுமார் 7 விழுக்காடும் தழைச்சத்து உண்டு. முதல் சில மாதங்களில் இவற்றில் ஏறத்தாழ பாதி செடிக்குக் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். வேப்பம் புண்ணாக்கில் உள்ள சில பொருள்கள் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துவதால் அது நின்று நிதானமாக ஊட்டும். ஆகவே அதை அடியுரமாகவும், விரைந்து சிதையும் கடலைப் புண்ணாக்கை மேலுரமாகவும் பயன்படுத்துவதே சரியான பங்கீடு என்பேன். தொட்டிக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கைக் கலவையில் சேருங்கள். பிறகு செடி பற்றிக்கொண்டு வளரத் தொடங்கியதும் ஒருமுறை, முதல் பூக்கொத்து தோன்றும்போது ஒருமுறை, காய்கள் பெருக்கும்போது ஒருமுறை என, ஒவ்வொரு முறையும் 30 கிராம் கடலைப் புண்ணாக்குத் தூளை மேல்மண்ணில் தூவிக் கிளறி, மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, வைக்கோல் போன்றவை) இட்டு, தண்ணீர் விடுங்கள். மூடாக்கு இல்லாமல் தூவினால் மேற்பரப்பு காய்ந்து புண்ணாக்கு அப்படியே கிடக்கும், அல்லது பூஞ்சை படர்ந்து கட்டியாகிவிடும். மிளகாய்க்கு அடியுரம் அதே அளவு இருக்கட்டும், மேலுரத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். தழைச்சத்து மிகுந்தால் மிளகாய் இலையாகவே தழைத்துப் பூவை உதிர்க்கும்.

அடியுரம் கலந்த மண்ணில் அன்றைக்கே நாற்றை நட வேண்டாம். கலவையைப் பிடித்துப் பார்த்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்த அளவு ஈரத்தில் நிழலில் இரண்டு வாரம் வைத்திருங்கள். முதல் சில நாட்களில் உள்ளே கைவிட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், அம்மோனியா நெடியும் லேசாக வரலாம். சூடு தணிந்து, நெடி போய், மண்வாசனை வந்த பிறகு நடுவதே இளம் வேர்களுக்குப் பாதுகாப்பு.

ஆமணக்குப் புண்ணாக்கும் நல்ல தழைச்சத்து உரம்தான். ஆனால் அதில் ரிசின் என்ற நச்சு எஞ்சியிருக்கக்கூடும். நாய், பூனை நடமாடும் இடத்திலும் குழந்தைகள் மண்ணில் விளையாடும் இடத்திலும் அதைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற இரண்டு புண்ணாக்கும் இருக்கும்போது அது இல்லாமல் எந்தக் குறையும் வராது.

மறுமொழி 2

மேலே நண்பர் தழைச்சத்தைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். நான் மணிச்சத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் தொட்டிச் செடிகளில் தேவைக்கு மேல் கொட்டப்படும் சத்து இதுதான்.

பூக்கும் பருவத்தில் மணிச்சத்தை மிகுதியாகத் தர வேண்டும் என்ற கருத்தை நான் ஏற்பதில்லை. செடிக்கு மணிச்சத்து தொடக்கம் முதலே வேண்டும், குறிப்பாக வேர் பரவும் இளம் பருவத்தில். ஆனால் தேவைப்படும் மொத்த அளவு தழைச்சத்தில் ஒரு சிறு பகுதிதான். காய் பிடித்த பிறகு தக்காளி மிகுதியாகக் கேட்பது சாம்பல் சத்தை, அதாவது பொட்டாசியத்தை. தழைச்சத்தைக் காட்டிலும் அதைத்தான் தக்காளி கூடுதலாக உறிஞ்சுகிறது. 'பூப்பு ஊக்கி' என்று விற்கப்படும் உரங்களில் மணிச்சத்து எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து அதை வாங்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

மண்புழு உரம் கால் பங்கு சேர்ந்த கலவையில் மணிச்சத்து பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கும். இதற்கு மேல் கை நிறைய எலும்புத் தூள் சேர்த்தால் இரண்டு கேடுகள் உண்டு. ஒன்று, மிகுதியான மணிச்சத்து இரும்பு, துத்தநாகம் ஆகிய நுண்ணூட்டங்களைச் செடிக்குக் கிடைக்காமல் செய்துவிடும். மற்றொன்று, வேருடன் கூட்டுவாழ்க்கை நடத்தும் வேர்ப்பூசணம், அதாவது 'வாம்' என்று நாம் சொல்வது, மணிச்சத்து தாராளமாக உள்ள மண்ணில் வேரைப் பற்றுவதில்லை. தன்னாலேயே கிடைக்கும் பொருளுக்காகச் செடி தன் சர்க்கரையைக் கொடுத்துப் பூசணத்தை வளர்க்காது. ஒரு கையால் வாம் இட்டு மறு கையால் எலும்புத் தூளை அள்ளிப் போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கிறது. இரண்டில் ஒன்று வீண்தான்.

எலும்புத் தூள் இடத்தான் வேண்டும் என்றால், நீராவியில் வேகவைத்து நன்கு பொடித்ததாக, தொட்டிக்கு 20 கிராம் அளவில், நடவின்போது ஒரே ஒருமுறை போதும். அதுவும் மண்ணின் கார அமிலத்தன்மை (pH) 7-க்குக் கீழே இருந்தால் மட்டுமே அது கரைந்து பயன்தரும். கார மண்ணில் கரையாமல் கிடக்கும். மணிச்சத்துள்ள பாறைத் தூளான பாறைப் பாஸ்பேட்டுக்கு இதைவிட அமிலத்தன்மை வேண்டும், 6.5 அளவில் உள்ள தொட்டி மண்ணில் அதை இட்டு ஒரு பருவத்தில் பலன் எதிர்பார்க்க முடியாது. எலும்புத் தூளின் வாடைக்கு எலியும் நாயும் தொட்டியைத் தோண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மரச் சாம்பல் பொட்டாசியத்துக்கு நல்லது. அதில் உள்ள பொட்டாசியம் நீரில் உடனே கரையக்கூடியது, நுண்ணுயிர்களின் உதவிக்குக் காத்திருப்பதில்லை. ஆனால் சாம்பல் கடும் காரத்தன்மை உடையது. மேசைக்கரண்டி ஒன்றுக்கு மேல் ஒரு தொட்டிக்கு ஒரு தடவையில் இடாதீர்கள். புண்ணாக்கு இடும் நாளில் சாம்பலைத் தொடவே வேண்டாம். காரத்தில் அம்மோனியம் அம்மோனியா வாயுவாக மாறிக் காற்றோடு போய்விடும், நீங்கள் இட்ட தழைச்சத்தில் ஒரு பகுதி உங்கள் கண்முன்னே ஆவியாகிவிடும்.

மறுமொழி 3

திரவ உரம் குறித்துக் கேட்டிருந்தீர்கள். மண் நன்றாக அமைந்துவிட்டால் திரவ உரம் கட்டாயமில்லை. அதன் பயன் ஒரே இடத்தில்தான் சிறப்பாகத் தெரியும்: செடி பசியோடு இருப்பது கண்ணுக்குத் தெரிந்து, மேலுரம் சிதைந்து பலன் தரும் வரை காத்திருக்க நேரமில்லாதபோது.

மீன் அமிலத்தில் புரதம் ஓரளவு சிதைந்து அமினோ அமிலங்களாக இருப்பதால் அது விரைவாக வேலை செய்யும். லிட்டருக்கு 3 முதல் 5 மில்லி கலந்து வேரில் ஊற்றலாம். கடற்பாசிச் சாறு அப்படியல்ல. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு. சிறிது பொட்டாசியமும், சைட்டோகைனின் போன்ற வளர்ச்சிப் பொருள்களும், நுண்ணூட்டங்களும் உள்ளன. செடி வெயிலிலோ நாற்று மாற்றிய அதிர்ச்சியிலோ தவிக்கும்போது அது துணை செய்யும், ஆனால் பசித்த செடிக்கு உணவாக அதை எண்ணக்கூடாது. இந்த இரண்டையும் ஒரே வகையாக எண்ணி ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைத் தருவதால்தான் பலருக்கும் ஏமாற்றம் ஏற்படுகிறது.

கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளிவை விடுவதும் நல்ல முறையே. நாளுக்கு இருமுறை கிளறுங்கள். கிளறாமல் மூடி வைத்தால் காற்றில்லாமல் அழுகி நாற்றமெடுக்கும், அந்த நிலையில் விட்டால் வேருக்குக் கேடு. மூன்று நான்கு நாளில் எடுத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, ஈரமான மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் எந்தத் திரவ உரத்தையும் ஊற்றக்கூடாது, நுனிவேர்கள் கருகிவிடும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தேவையற்றது என்று நீங்கள் சொன்னவற்றை விட்டுவிடுகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. இதே கலவையில் முன்கூட்டியே நட்டுவைத்த ஒரு தக்காளிச் செடியில் முதல் காய்களின் அடிப்பகுதி கறுத்து அமுங்குகிறது. சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) குறைவு என்று சொல்லி முட்டை ஓட்டுத் தூள் போடச் சொல்கிறார்கள். அது பலன் தருமா? மேலும், அதே செடியின் புது இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக வருகின்றன. இதற்குத் தழைச்சத்தைக் கூட்ட வேண்டுமா?

மறுமொழி 1 தந்தவர்

தழைச்சத்தைக் கூட்ட வேண்டாம். தழைச்சத்தும் மெக்னீசியமும் செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. குறைவு வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும், அதனால் அடி இலைகள்தான் முதலில் வெளுக்கும். இரும்பு அப்படி நகராது, ஆகவே குறைவு கொழுந்தில் தெரியும். நீங்கள் சொல்லும் அடையாளம் இரும்புக் குறைபாட்டோடு பொருந்துகிறது. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாததால் அல்ல, மண் காரமாகிவிட்டதால் அது கரையாமல் நிற்கிறது. நீங்கள் விடும் தண்ணீர் கடினநீரா என்று பாருங்கள். பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிகிறது என்றால், அதிலுள்ள பைகார்பனேட் ஒவ்வொரு முறையும் மண்ணைச் சிறிது சிறிதாகக் காரமாக்குகிறது. மழைநீரைச் சேமித்து விடுவதும், சாம்பலை முழுமையாக நிறுத்துவதும்தான் முதல் மருந்து. கார அமிலத்தன்மை 6-க்கும் 7-க்கும் இடையில் வந்துவிட்டால் அடுத்து வரும் கொழுந்து பச்சையாக இருக்கும். ஏற்கனவே மஞ்சளான இலைகளை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

காயின் அடி கறுப்பது சுண்ணாம்புச் சத்து காயைச் சென்றடையாததால் வருவது என்பது உண்மை. ஆனால் மண்ணில் அது இல்லை என்பதல்ல பொருள். சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு சேர்ந்தே மேலேறுகிறது. நீராவியாதல் இலையில் மிகுதி, காயில் குறைவு. மண் ஒருநாள் காய்ந்து மறுநாள் நனைந்தால் பற்றாக்குறை காயில்தான் விழும். எனவே ஈரத்தைச் சீராக வைத்திருப்பதே தீர்வு: கனமான மூடாக்கு, வெயில் காலத்தில் காலை மாலை இருமுறை தண்ணீர், அடியில் வடிகால் துளை. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், மாவாக அரைத்தாலும் கார மண்ணில் கரையாது. கரைந்தால் காரத்தை இன்னும் கூட்டும், உங்கள் இரும்புச் சிக்கல் வலுக்கும்.

ஒன்றைக் கவனித்தேன். உங்கள் கலவையில் கால் பங்கு தென்னை நார்க்கழிவு. அதில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. மண்ணிலிருந்து வரும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளவும் செய்யும். வெறும் தண்ணீரில் அலசினால் கரைந்த உப்புதான் போகும், நாரோடு ஒட்டியிருப்பது போகாது. அடுத்த கலவை தயாரிக்கும்போது லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் ஜிப்சம், அதாவது தொட்டிக்கு 20 முதல் 40 கிராம், சேர்த்துவிடுங்கள். அது கால்சியமும் கந்தகமும் தரும், மண்ணைக் காரமாக்காது. இப்போதுள்ள செடிக்கு 20 கிராமை மேல்மண்ணில் கிளறித் தண்ணீர் விட்டால் போதும். கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள், அவை தேறா. அடுத்த கொத்தில் காய்கள் கோலி அளவு வரும்போது அடிப்பகுதி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்போதும் கறுத்தால் தொட்டியின் எடையைக் காலையிலும் மாலையிலும் தூக்கிப் பார்த்துத் தண்ணீரின் இடைவெளியைக் குறையுங்கள், வேறு உரம் எதையும் சேர்க்க வேண்டாம்.