ஆட்டுக்குட்டியைத் தேடி எத்தனை வழி? கிளைக்கதை செய்தவர்களின் அனுபவங்கள்

காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடிக் கிளம்பும் ஒரு சிறுமி. கண்மாய்க்கரைக்குப் போவதா, கிணற்றடிக்குப் போவதா என்பதை வாசிக்கும் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். இப்படித் தேர்வுக்கேற்பப் பிரியும் கதைதான் கிளைக்கதை. இந்த ஒரே கதையை நான்கு ஆண்டுகளில் மூன்று முறை செய்தேன்: அச்சுப் புத்தகமாக, தொலைபேசியில் கேட்கும் கதையாக, செய்திச் செயலியில் நடக்கும் உரையாடலாக. மூன்றிலும் வெவ்வேறு இடத்தில் அடிவாங்கினேன்.

புத்தகத்துக்கு அச்சகத்தில் ஒதுக்கியது 3 ஃபாரம், அதாவது 48 பக்கம். நானோ ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு வழி வைத்து ஆசையாக எழுதிக்கொண்டே போனேன். ஐந்தாவது பிரிவிலேயே 32 முடிவுகள், மொத்தம் 63 பகுதிகள். பத்துப் பிரிவு வரை போயிருந்தால் 1,024 முடிவுகள் வந்திருக்கும். பிறகுதான் கிளைகளை வெட்டி, எந்த வழியில் போனாலும் பூசாரி வீட்டு வாசலில் வந்து சேருமாறு மடித்தேன். ஆனால் வந்த வழிக்கு ஓர் அடையாளம் வேண்டுமல்லவா? கிணற்றடி வழியாக வந்தவள் கையில் ஆட்டின் கழுத்து மணி இருக்கும். கண்மாய் வழியாக வந்தவளுக்கு அது இருக்காது. கதை பிரிந்ததாகப் பிள்ளைகள் நம்பியது அந்த மணியால்தான்.

பகுதிகளுக்குத் தனி எண் கொடுக்காமல் பக்க எண்ணையே கொடுத்தது என் மடத்தனம். ஓவியர் கடைசி நேரத்தில் ஒரு படத்தை இரண்டு பக்கத்துக்கு விரித்தார். “23-ஆம் பக்கத்துக்குச் செல்லவும்” போன்ற வழிகாட்டல்கள் அத்தனையும் நகர்ந்தன. திருத்தியதில் ஒன்று தப்பிவிட்டது. 300 படிகளில் உட்கார்ந்து சீட்டு ஒட்டினோம்.

தொலைபேசிக் கதை பார்வையற்ற பிள்ளைகளுக்காகச் செய்தது. “கிணற்றடிக்குப் போக 1-ஐ அழுத்து.” செயல் முன்னே, எண் பின்னே. காதால் கேட்பவருக்கு இதுதான் வசதி. எண் முதலில் வந்தால் செயலைக் கேட்டு முடிப்பதற்குள் அது மறந்துபோகும். தமிழின் வாக்கிய அமைப்பே இந்த வேலையைச் செய்துகொடுத்தது. “நீ” என்றே பேசியதால் கேட்பவர் சிறுவனா சிறுமியா என்ற கவலையும் இல்லை: “நீ வந்தாய்” இருவருக்கும் பொருந்தும்.

தவறியது வேறிடத்தில். புத்தகத்தில் சிறுமி கிணற்றில் விழுந்தால் பிள்ளைகள் சிரித்துவிட்டு முந்தைய பக்கத்துக்குப் போய்விடுவார்கள். பிரிவு வரும் பக்கத்தில் ஒரு விரலைச் செருகி வைத்துக்கொண்டுதான் அவர்கள் படிக்கிறார்கள் என்பதை நான் கவனித்ததே இல்லை. தொலைபேசியில் விரலைச் செருக இடமில்லை. சிறுமி விழுந்தாள், இணைப்பு அறுந்தது. மறுமுனையில் ஒரு பையன், “அக்கா செத்துட்டாங்களா?” என்று அழுதானாம். அன்று இரவே 9-ஐ அழுத்தினால் முந்தைய பிரிவுக்குத் திரும்பலாம் என்று மாற்றினேன்.

செயலியில் தொல்லை நேர்மாறானது. ஒரு பொத்தானில் 20 எழுத்துக்குறிகள்தான் கொள்ளும். “கிணற்றடிக்குப் போகிறேன்” என்பது நம் கண்ணுக்கு 12 எழுத்து. இயந்திரமோ கொம்பையும் புள்ளியையும் இடைவெளியையும் தனித்தனியாக எண்ணி 23 என்றது. கடைசியில் “கிணற்றடி”, “கண்மாய்” என்று சுருக்கினோம். அதோடு முடியவில்லை. பிள்ளைகள் திரையை மேலே தள்ளி, நேற்றைய பொத்தானை இன்று அழுத்தினார்கள். ஒரே சிறுமியிடம் மணி இருந்தது, இல்லாமலும் இருந்தது. திரும்பும் வழியே இல்லாத ஊடகத்தில் அதைத் திறக்க வேண்டியிருந்தது. கேட்காமலே திறந்து கிடந்த ஊடகத்தில் பூட்ட வேண்டியிருந்தது.

*

எங்கள் விழுப்புரம் பக்கம் உங்கள் கண்மாயை ஏரி என்போம். நான் நாடகக்காரன். மேடையில் விரலும் இல்லை, 9-ஆம் எண்ணும் இல்லை. கேட்பது ஒருவரை அல்ல, கூட்டத்தை. கைதட்டலை வைத்து முடிவு செய்தோம். முதல் நாள் தோற்ற பக்கத்தினர் பாதிக்கதையில் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

1967 மான்ட்ரியால் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாகியா அரங்கில் ராடூஸ் சின்செரா ‘கினோஆட்டோமாட்’ என்ற படத்தைக் காட்டினார். இருக்கையில் சிவப்பு, பச்சைப் பொத்தான்கள். கதை பிரியும் இடத்தில் படம் நிற்கும், நடிகரே மேடைக்கு வந்து வாக்குக் கேட்பார். எதைத் தேர்ந்தாலும் கதை அடுத்த பிரிவில் ஒன்றாகிவிடும். நீங்கள் சொல்லும் மடிப்பு அதுதான். எனக்கு உறைத்தது அந்த நடிகரின் வேலை. கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் செய்வதல்லவா இது! மறுநாள் முதல் வாக்குக் கேட்பதைக் கட்டியங்காரனிடம் விட்டோம். ஜெயித்தவர்களைக் கிண்டல் செய்து, தோற்றவர்களிடம், “நீங்கள் சொன்ன வழியில் போயிருந்தால் இவளுக்கு இந்தக் கதி வருமா?” என்று ஒரு வார்த்தை சொல்வான். அதன்பிறகு ஒருவரும் எழுந்து போகவில்லை.

*

நான் காணொளியில் ஒருமுறை முயன்றேன். யோசிக்கப் பத்து நொடி கொடுத்தோம். அந்தப் பத்து நொடியில் திரையில் என்ன நடக்கும் என்று எழுத மறந்துவிட்டோம். நடிகர் சும்மா முறைத்துக்கொண்டு நிற்கிறார். பிறகு அவரைக் காலணி வாரைக் கட்டவைத்து மீண்டும் எடுத்தோம். அதற்குள் தாடி வளர்ந்திருந்தது. ஒன்றும் அழுத்தாதவருக்கும் ஒரு வழி வேண்டும் என்பதை மறக்காதீர்கள். எங்கள் பார்வையாளரில் பலர் கதை தானாக ஓடட்டும் என்று விட்டுவிட்டவர்கள்.

*

அந்த ஆட்டுக்குட்டிப் புத்தகம் எங்கள் வகுப்பு அலமாரியிலும் இருக்கிறது, சீட்டு ஒட்டியபடியே. நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. எந்த வழியும் பூசாரி வீட்டில் முடிவதைப் பிள்ளைகள் இரண்டாவது வாசிப்பிலேயே பிடித்துவிட்டார்கள். வேதாளம் ஒவ்வொரு முறையும் முருங்கை மரத்துக்கே போவதுபோல என்றாள் ஒருத்தி. அவர்களுக்கு அதில் வருத்தம் இல்லை, மணி கிடைத்ததா என்பதுதான் பேச்சு.

பிறகு தரையில் சுண்ணக்கட்டியால் எல்லாப் பக்கங்களையும் வட்டமாக வரைந்து கோடு போட்டார்கள். ஒரு வட்டத்துக்கு மட்டும் கோடே வரவில்லை. “டீச்சர், 31-ஆம் பக்கத்துக்கு யாருமே அனுப்பவில்லையே. அங்கே ஒரு பாட்டி தனியாக உட்கார்ந்திருக்கிறாளே?” என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதியவர் சொன்னால் அவர்களிடம் சொல்வேன்.

*

கண்மாய்க்கரையில் பதநீர் விற்கும் பாட்டி அவள். 63 பகுதிகளை வெட்டியபோது அவளிடம் போகும் வழியையும் வெட்டிவிட்டேன், அவளை எடுக்க மறந்திருக்கிறேன். 300 படிகளுக்குச் சீட்டு ஒட்டிய நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பிள்ளைகளிடம் சொல்லுங்கள் டீச்சர்: எந்தப் பக்கத்திலிருந்து அவளிடம் போகலாம் என்று அவர்களே எழுதி அனுப்பட்டும். அடுத்த பதிப்பில் அந்தக் கோட்டைப் போட்டுவிடுகிறேன்.