நிலத்தில் முயல் தொல்லை: நஞ்சு வைக்காமல் கட்டுப்படுத்த இயலுமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பெண்டிகோவுக்கு அருகே எங்களுக்குப் பத்து ஏக்கர் நிலம் உள்ளது. புதிதாக நட்ட கன்றுகளைக் கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் காட்டு முயல்கள் கடித்துவிடுகின்றன. வேலிக்கு அப்பாலுள்ள அரசு நிலத்திலும் வளைகள் நிறைய உள்ளன. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1: வளையிலிருந்துதான். முயலை மட்டும் கொன்று வளையை விட்டுவைத்தால், வேறு முயல்கள் வந்து குடியேறிவிடும். மண் காய்ந்திருக்கும் கோடைக் கடைசியில், நாயைக் கொண்டு முயல்களை வளைக்குள் விரட்டிவிட்டு, டிராக்டரில் ரிப்பர் (மண்ணை ஆழமாகக் கிழிக்கும் இரும்புக் கொழு) பூட்டி ஆழக் கிழித்துவிடுங்கள்; ஈர மண்ணில் சுரங்கம் சரியாக இடிவதில்லை. நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டாது என்பதால், இந்த வேலை நமக்குப் புதிதாகத் தோன்றும்.

மறுமொழி 2: முயல்களைக் கொல்லப் பரப்பப்படும் நோய்க்கிருமியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். 1859இல் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார் வேட்டைக்காக விடுவித்த முயல்கள் பெருகிப் பரவியதால், 1950இல் முயல்களைத் தாக்கும் மிக்சோமா வைரஸைப் பரப்பினார்கள். தொடக்கத்தில் முயல்கள் கொத்துக்கொத்தாக மடிந்தாலும், பிறகு அவற்றுக்கு எதிர்ப்பாற்றல் வந்துவிட்டது. 1995இல், சோதனை நடந்த தீவிலிருந்து தப்பிப் பரவிய கலிசி என்ற மற்றொரு முயல்கொல்லி வைரஸின் கதையும் ஏறத்தாழ அதுவே.

மறுமொழி 3: கன்றுகளுக்கு உடனடியாகக் கம்பிவலை கட்டி, அதன் அடிப்பகுதியை வெளிப்புறமாக மடித்து மண்ணில் புதையுங்கள். அரசு நிலத்தைப் பராமரிக்கும் துறையிடம் பேசி, இருபுறமும் ஒரே வாரத்தில் வளைகளை இடிக்க ஏற்பாடு செய்தால்தான் உழைப்பு வீணாகாது.