மறு: மெய்நிகர் கவுன்டர்: எண்ணியா, எண்ணகமா, எண்ணேடா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நுண்செயலியில் நிகழ்வுகளை எண்ணும் ‘கவுன்டர்’, அதன் மெய்நிகர் வடிவம் இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துவருகிறேன். கேவிஎம்-இல் (ஒரு கணினிக்குள் மெய்நிகர் பொறிகளை ஓட்ட உதவும் லினக்ஸ் பகுதி) செயல்திறன் கவுன்டர்களை மெய்நிகராக்கும் நிரல்பகுதியை இப்போதுதான் வரிவரியாகச் சரிபார்த்து, குறிப்புகளைத் தமிழில் எழுதி முடித்தேன். எழுதும்போது எந்தச் சொல் தாங்கியது, எந்தச் சொல் காலை வாரியது என்பதையே இங்கே வைக்கிறேன்.

> ‘எண்ணி’ சுருக்கமானது, புழக்கத்திலும் இருக்கிறது. முன்னால் ‘மெய்நிகர்’ சேர்த்தால் வேலை முடிந்தது.

ஐயா, நானும் ‘எண்ணி’யில்தான் தொடங்கினேன். நான்காவது பத்தியிலேயே சிக்கிக்கொண்டேன். “எண்ணி நின்றுவிட்டது” என்று எழுதினால் கவுன்டர் நின்றதா, எதையோ எண்ணிவிட்டு வேறொன்று நின்றதா? வினையெச்சமும் பெயரும் ஒரே வடிவம். வேற்றுமை உருபு சேர்ந்தால் பிழைக்கும்: எண்ணியை, எண்ணியில். ஆனால் எழுவாயாக வரும் இடமெல்லாம் தடுக்கிவிடும். இந்த நிரல்பகுதியிலோ கவுன்டர்தான் பெரும்பாலும் எழுவாய். அது நிற்கிறது, ஓடுகிறது, நிரம்புகிறது, பறிபோகிறது. ‘எண்ணு’ என்றால் நினைப்பது என்ற பொருளும் உண்டு. “எண்ணி எண்ணியதை எண்ணிப் பார்” என்பது விடுகதை போல ஒலிக்கிறது.

அதனால் வன்பொருளில் இருப்பதை ‘எண்ணகம்’ என்கிறேன். நினைவகம், பதிவகம் வரிசையில் இது இயல்பாக அமர்கிறது. பொருளும் சரி. நுண்செயலிக்குள் இருக்கும் கவுன்டரும் ஒரு பதிவகமே (ஓர் எண்ணைத் தாங்கும் சிறு இடம்), எண்ணும் வேலைக்கென ஒதுக்கப்பட்டது, அவ்வளவுதான். (‘செயலி’ என்ற சொல்லைக் கைப்பேசி ஆப்புகள் எடுத்துக்கொண்டுவிட்டதால் இம்மடல் முழுக்க ‘நுண்செயலி’ என்றே எழுதுகிறேன்.)

முன்னொட்டாக வரும் ‘செயல்திறன்’ பற்றி ஒரு சொல். அந்தப் பதிவகம் செயல்திறனை எண்ணுவதில்லை, நிகழ்வுகளை எண்ணுகிறது: கடிகாரச் சுழற்சி, நிறைவேறிய கட்டளை, கேஷில் (நுண்செயலியின் விரைவு நினைவகம்) கிடைக்காமல் போன தேடல், தவறாக ஊகித்த கிளை. செயல்திறன் என்பது அந்த எண்களைப் பார்த்து நாம் செய்யும் முடிவு. லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) இதே திருத்தம் நடந்திருக்கிறது. 2009-இல் 2.6.31 பதிப்பில் ‘கவுன்டர்’ என்ற பெயரோடு நுழைந்த துணையமைப்பை, அடுத்த பதிப்பிலேயே ‘ஈவென்ட்’ (நிகழ்வு) என்று மாற்றினார்கள். எண்ணுவதோடு அதன் வேலை நிற்கவில்லை என்பதே காரணம். ஆகவே ‘நிகழ்வு எண்ணகம்’ என்பது என் பரிந்துரை. சூழல் தெளிவாக இருந்தால் வெறும் ‘எண்ணகம்’ போதும்.

‘நிறைவேறிய கட்டளை’ என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். இழையில் ஒருவர் ஆங்கிலத்தின் ‘ரிடயர்டு’ என்பதை அப்படியே பெயர்த்து ‘ஓய்வுபெற்ற கட்டளை’ என்று எழுதியிருந்தார். நுண்செயலி ஊகத்தின் பேரில் பல கட்டளைகளை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கிறது. ஊகம் பொய்த்தால் அவற்றைத் தூக்கி எறிகிறது. எறியப்படாமல் தன் முறை வந்து முடிவு உறுதியானவை மட்டுமே இந்தக் கணக்கில் சேரும். ஓய்வு என்ற சொல்லில் அந்த உறுதிப்பாடு இல்லை, நிறைவேற்றத்தில் இருக்கிறது.

இனி முதன்மையான சிக்கலுக்கு வருகிறேன். ‘மெய்நிகர் எண்ணகம்’ என்று சொல்லலாமா? நான் வேண்டாம் என்கிறேன்.

வழக்கமான முறையில் விருந்தினர் பொறி (கேவிஎம் ஓட்டும் மெய்நிகர் பொறி) கவுன்டரைக் கேட்டால் கேவிஎம் என்ன தருகிறது என்று பாருங்கள். விருந்தினருக்கு நேரடியாக எந்த வன்பொருள் எண்ணகமும் கிடைப்பதில்லை. அது நிகழ்வைத் தேர்ந்து பதிவகத்தில் எழுதும்போது கேவிஎம் இடைமறித்து, ஓம்புநர் பொறியின் (விருந்தினரைத் தாங்கும் மெய்யான கணினி) பெர்ஃபிடம் (மேலே சொன்ன, எண்ணகங்களைப் பங்கிடும் கெர்னல் துணையமைப்பு) அதே நிகழ்வுக்கு விண்ணப்பிக்கிறது. பெர்ஃப் தன் வசதிப்படி ஓர் எண்ணகத்தை ஒதுக்குகிறது. விருந்தினர் வாசிக்கும்போது கேவிஎம் ஒரு கூட்டல் போடுகிறது: முன்பே சேர்த்து வைத்த தொகை, பெர்ஃப் இப்போது சொல்லும் தொகை, கேவிஎம் தானே சேர்த்தது. மொத்தத்தை விருந்தினருக்குச் சொன்ன அகலத்துக்கு வெட்டித் தருகிறது. அகலம் பல இன்டெல் நுண்செயலிகளில் 48 பிட். 3 கிகாஹெர்ட்ஸில் ஓயாமல் சுழற்சியை எண்ணினாலும் அது நிரம்ப ஒரு நாளுக்கும் சற்று மேலாகும். கேவிஎம்மின் கூட்டல் 64 பிட்டில் நடப்பதால் வெட்டும் படியை மறந்துவிட்டால், எந்த வன்பொருளும் காட்ட முடியாத எண்ணை விருந்தினர் காணும்.

இதில் எங்கே இருக்கிறது எண்ணகம்? விருந்தினர் காண்பது ஒரு கூட்டுத்தொகை, யாரோ எழுதிவரும் கணக்கு.

கேவிஎம் தானே சேர்ப்பது என்றேனே, அதுதான் எனக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தது. நுண்செயலியின் வசதிகளைக் கேட்டறியும் சிபியுஐடி போன்ற கட்டளையை விருந்தினர் ஓட்டினால் இன்டெலில் கட்டுப்பாடு கட்டாயம் கேவிஎம்மிடம் வந்துவிடும். கேவிஎம் அதற்குரிய விடையை நிரப்பிவிட்டு விருந்தினரை அடுத்த கட்டளைக்கு நகர்த்துகிறது. விருந்தினர் பார்வையில் ஒரு கட்டளை நிறைவேறிவிட்டது. வன்பொருள் அதை விருந்தினரின் கட்டளையாக எண்ணவில்லை. எனவே கேவிஎம் கையால் ஒன்று கூட்ட வேண்டியிருக்கிறது. எந்த எண்ணகமும் எண்ணாத ஒன்று கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. வரவு வைப்பது ஏட்டில் நடக்கும் வேலை. எண்ணும் கருவியில் யாரும் வரவு வைப்பதில்லை.

ஆகவே விருந்தினருக்குக் காட்டப்படுவதை ‘எண்ணேடு’ என்கிறேன். பேரேடு, பதிவேடு போல எண்ணேடு. எண்ணேட்டில், எண்ணேட்டை, எண்ணேடுகள் என்று எல்லா உருபும் தடையின்றி ஏற்கிறது. முதலில் ‘விருந்தினர் கணக்கு’ என்றுதான் எழுதினேன். கடவுச்சொல் இன்றி நுழையும் பயனர் கணக்கு என்றே எவரும் படிப்பார்கள் என்பதால் கைவிட்டேன்.

> இரண்டு சொல் எதற்கு? ஆங்கிலத்தில் ஒரே சொல்லால்தானே ஓட்டுகிறார்கள்?

ஓட்டுகிறார்கள், ஆனால் சரிபார்ப்பில் ஒவ்வொரு முறையும் “எந்தக் கவுன்டர்?” என்று கேட்க வேண்டியிருக்கிறது. நானே ஒரு பிழையை இப்படித்தான் தவறவிட்டேன். கவுன்டரை நிறுத்திவிட்டுப் படிக்க வேண்டும் என்று நிரலில் இருந்த கருத்துரை சொன்னது. நிரல் நிறுத்தியது பெர்ஃபின் எண்ணகத்தை, படித்தது பழைய கூட்டுத்தொகையை. கடைசியாக எண்ணப்பட்ட பகுதி தொகையில் சேரவே இல்லை. கருத்துரையில் ஒரே சொல் இரு பொருளில் வந்ததால் என் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. “எண்ணகத்தை நிறுத்து, அதில் உள்ளதை எண்ணேட்டில் சேர், பிறகு எண்ணேட்டைப் படி” என்று எழுதியிருந்தால், நடுப்படி விடுபட்டது அப்போதே பட்டிருக்கும்.

எண்ணகப் பற்றாக்குறை வரும்போது இந்த வேறுபாடு இன்னும் தேவைப்படுகிறது. பொதுப் பயன்பாட்டு எண்ணகங்கள் மிகச் சில. ஏஎம்டி-யின் சென் வகைகளில் ஒரு கோருக்கு 6. ஓம்புநரில் யாராவது பெர்ஃப் ஓட்டினால், அல்லது கெர்னல் உறைந்துவிட்டதா என்று பார்க்கும் காவல் நிரல் ஒன்றை எடுத்துக்கொண்டால், விருந்தினரின் விண்ணப்பத்துக்கு இடமில்லாமல் போகலாம். அப்போது எண்ணேடு அசையாமல் கிடக்கும். விருந்தினருக்குப் பிழைச் செய்தி எதுவும் போகாது. தன் நிரல் வேகமாகிவிட்டது என்று அங்கே ஒருவர் மகிழக்கூடும். இந்த அமைதியான பொய்தான் இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம். “எண்ணகம் இல்லாத எண்ணேடு” என்று மூன்றே சொல்லில் அதைச் சொல்ல முடிகிறது.

> எண்ணகத்தை நேராகவே விருந்தினருக்குக் கொடுக்கும் புதிய முறை வந்தால் எண்ணேடு எதற்கு?

நல்ல கேள்வி. அந்த முறையில் விருந்தினர் ஓடும் நேரத்தில் வன்பொருள் எண்ணகம் உண்மையிலேயே அதன் கையில் இருக்கிறது. இடைமறிப்பு இல்லாமல் நேராக வாசிக்கலாம். எந்த நிகழ்வை எண்ணலாம் என்ற தேர்வை மட்டும் கேவிஎம் இடையில் நின்று சரிபார்க்கிறது. ஆனால் விருந்தினர் நுண்செயலியிலிருந்து இறங்கும்போது எண்ணகத்தில் உள்ள மதிப்பை எடுத்து எங்கோ வைக்க வேண்டும், எண்ணகத்தைத் துடைக்க வேண்டும், திரும்ப ஏறும்போது மதிப்பை நிரப்ப வேண்டும். அந்த ‘எங்கோ’ எண்ணேடுதான். கேவிஎம் கையால் கூட்டுவதும் அப்படியே தொடர்கிறது. பழைய முறையில் எண்ணேட்டை எழுதுவது கேவிஎம். புதிய முறையில் எண்ணகம் கைமாறுகிறது, எண்ணேடு இடைவேளைகளில் அதைத் தாங்குகிறது. இதைவிட முக்கியம், இங்கே ‘மெய்நிகர் எண்ணகம்’ என்று சொல்வது முழுப் பொய்யாகிவிடும். எண்ணகம் மெய்யானது, நிகரானது அல்ல. இந்த முறைக்கு ‘இடைநின்ற கையளிப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறேன். மேலான சொல் இருந்தால் மாற்றிக்கொள்ளத் தடையில்லை.

‘மெய்நிகர் பொறி’, ‘மெய்நிகராக்கம்’ இரண்டும் அப்படியே இருக்கட்டும், அவை ஊன்றிவிட்டன. ‘செயல்திறன் கண்காணிப்பு’ என்னும் வழக்கில் உள்ள ‘கண்காணிப்பு’ என்பதில் ஆளை வேவு பார்க்கும் வாடை வருகிறது என்றார் ஒருவர். எனக்கும் வருகிறது, ஆனால் அதற்காகப் புழங்கும் சொல்லை உடைக்க வேண்டாம்.

நிரம்புவதற்கு ‘வழிவு’ போதும். ‘மிகைநிரம்பல்’ வாயில் நுழையவில்லை. ஒரு இலட்சம் நிகழ்வுக்கு ஒரு குறுக்கீடு (நடக்கும் வேலையை நிறுத்தி நுண்செயலியை அழைக்கும் சைகை) வேண்டும் என்றால் எண்ணகத்தில் −1,00,000 எழுதிவிடுகிறோம். அது ஏறி ஏறிச் சுழியைத் தொடும்போது வழிகிறது, ‘வழிவுக் குறுக்கீடு’ வருகிறது. பழைய முறையில் அந்தக் குறுக்கீடு முதலில் ஓம்புநருக்கு வரும். கேவிஎம் விருந்தினரின் நிலைப் பதிவகத்தில் உரிய பிட்டை ஏற்றி, பிறகு குறுக்கீட்டை உள்ளே அனுப்பும். ஆக எண்ணகத்தின் வழிவு வேறு, எண்ணேட்டின் வழிவு வேறு. இரண்டுக்கும் இடையே காலத் தாழ்வு உண்டு.

சொற்தொகுப்பில் சேர்க்க என் வரைவு இது. திருத்துங்கள்:

எண்ணகம்: நுண்செயலியில் நிகழ்வுகளை எண்ணும் வன்பொருள் பதிவகம்.
எண்ணேடு: விருந்தினர் பொறிக்குரிய எண்ணிக்கையை ஓம்புநர் பொறி பேணும் மென்பொருள் பதிவு, எண்ணகம் இல்லாத வேளையிலும் இருப்பது.

ஏஆர்எம் வகை நுண்செயலிகளுக்கான பகுதியைச் சரிபார்ப்பவர்கள் இவ்விரு சொல்லையும் வைத்து ஒரு பக்கமாவது எழுதிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள். வழிவு நடந்த கட்டளைக்கும் குறுக்கீடு காட்டும் கட்டளைக்கும் உள்ள இடைவெளிக்கு ‘சறுக்கல்’ என்று பரிந்துரைத்திருந்தீர்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, அதைத் தனி இழையில் எடுப்போம்.

அன்புடன்