உசாத்துணை: பொருளும் பழமையும்

நல்லூர் மாணவி:
வணக்கம். ஆய்வேட்டின் இறுதியில் ‘உசாத்துணை நூல்கள்’ என்று தலைப்பிடுவது எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து வழக்கம். சென்னையிலுள்ள சிநேகிதி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, அங்கே ‘துணைநூற்பட்டியல்’ என்றே எழுதுவார்கள் என்றும், இச்சொல்லைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றும் சொன்னாள். இது அண்மையில் ஆக்கப்பட்ட கலைச்சொல்லா? நாம் ஆலோசனை கேட்கும் ஆளையும் இவ்வாறு அழைக்கலாமா?

கோப்பாய் ஆசிரியர்:
பிள்ளை, இது புதிய ஆக்கமன்று. ‘உசாவே சூழ்ச்சி’ என்று தொல்காப்பிய உரியியல் பொருள் கூறுகிறது. அங்கே சூழ்ச்சி என்பது இன்று நாம் அஞ்சுகிற சதியன்று. செய்யத்தக்கதைக் கலந்து ஆராய்தல். ‘சூழ்வார்கண் ணாக ஒழுகலான் மன்னவன் சூழ்வாரைச் சூழ்ந்து கொளல்’ என்று ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் வள்ளுவர் அரசனுக்குச் சொல்வதும் அப்பொருளில்தான். சூழ்ச்சி காலப்போக்கில் கெட்ட பெயர் எடுத்துவிட்டது. உசாவுக்கு அந்தக் கதி நேரவில்லை.

இரண்டாவது கேள்விக்கு விடை, மறைவான காதலைப் பேசும் தொல்காப்பியக் களவியலில் இருக்கிறது. தோழியைப் பற்றி, ‘சூழ்தலும் உசாத்துணை நிலைமையிற் பொலிமே’ என்கிறது நூற்பா. பெற்ற தாயிடமும் சொல்ல முடியாததைத் தலைவி எவளிடம் சொல்லி, இனி என்ன செய்யலாம் என்று கேட்கிறாளோ, அவளே உசாத்துணை. ஆகவே ஆளைக் குறிப்பதே பழைய ஆட்சி. களவியல் அடங்கிய பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885 இல் பதிப்பித்தவர் நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

நூலக வாசகர்:
ஆசிரியர் ஐயா கூறியதோடு ஒன்று சேர்க்கிறேன். நூலகத்தின் உசாத்துணைப் பகுதியிலுள்ள அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் இரவல் தருவதில்லை. அவற்றை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பவரும் அரிது. ஐயம் எழும்போது போய், வேண்டிய பக்கத்தைப் புரட்டி, விடை பெற்றுத் திரும்புகிறோம். ஆளுக்குரிய சொல் நூலுக்கும் பொருந்துவது இதனாலேயே என்று கருதுகிறேன். ‘துணைநூல்’ என்பதில் இந்தக் கேட்டல் இல்லை. புரட்டியும் பாராத நூல்களைப் பட்டியலில் அடுக்கிவிட்டு அதற்கு ‘உசாத்துணை நூல்கள்’ என்று தலைப்பிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நல்லூர் மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால், நன்றியுரையில் என் மேற்பார்வையாளரை ‘உசாத்துணையாக நின்றவர்’ என்று எழுதலாமா, ஐயா?

கோப்பாய் ஆசிரியர்:
தாராளமாக எழுதலாம். ‘உசாத்துணையாளர்’ என்று நீட்ட வேண்டியதில்லை. துணை என்பதே ஆளைச் சுட்டும். மருத்துவமனைகளிலும் பாடசாலைகளிலும் வழங்கும் ‘உளவளத்துணை’யோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அது மன உளைச்சலில் இருப்போருக்குப் பயிற்சி பெற்றவர் அளிக்கும் சேவை.