லிக்னோகெயின் 2% கணக்கில் 135 மி.லி. வருகிறது, எங்கே தப்பு?

பாம்பன் மாணவி:
வணக்கம். ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) இரண்டாம் வருஷம் படிக்கிறேன். மாதிரித் தேர்வில் வந்த கணக்கு இது. வடகடலில் கரைவலை இழுக்கும்போது காலில் திருக்கை முள் குத்தி ஒருவர் வருகிறார், எடை 60 கிலோ. முள்ளை எடுக்க, அந்த இடத்தை மரத்துப் போக வைக்கும் லிக்னோகெயின் ஊசி (2%, அட்ரினலின் கலக்காதது) போட வேண்டும். கிலோவுக்கு 4.5 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. அதிகபட்சம் எத்தனை மி.லி.?

60 × 4.5 = 270 மி.கி. இதுவரை சரி. 2% என்பதால் ஒரு மி.லி.யில் 2 மி.கி. என்று எடுத்து வகுத்தால் 135 மி.லி. வருகிறது. விடை 13.5 என்று போட்டிருக்கிறார்கள். அட்ரினலின் 1:1000 கணக்கிலும் இதே குழப்பம்தான். யாராவது உதவுங்கள்.

கீழக்கரை ஸ்டாஃப் நர்ஸ்:
சதவீதத்தைப் பத்தால் பெருக்கினா ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி.ன்னு வந்துடும். 2% என்றால் 20 மி.கி. 270 ÷ 20 = 13.5. இதை மனப்பாடம் பண்ணிக்கோங்க தங்கச்சி, தேர்வுக்குப் போதும்.

பாம்பன் மாணவி:
நன்றி அண்ணா. ஆனா ஏன் பத்து? காரணம் தெரியாம எழுதினா பெருக்கணுமா வகுக்கணுமான்னு பதற்றத்துல மாறிடுமே.

தொண்டி சிஸ்டர்:
நல்ல கேள்விம்மா, இதை விடாதே. சதவீதம்னா 100 மி.லி.யில் எத்தனை கிராம்னு அர்த்தம், மில்லிகிராம் இல்லை. 2% என்றால் 100 மி.லி.யில் 2 கிராம், அதாவது 2000 மி.கி. ஒரு மி.லி.க்கு 20. உன் வார்டிலேயே சரிபார்க்கலாம்: 5% டெக்ஸ்ட்ரோஸ் 500 மி.லி. பாட்டிலில் 25 கிராம் குளுக்கோஸ். 0.9% சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. லேபிளைப் படிச்சுப் பாரு.

சூத்திரத்தை விட முக்கியமா ஒண்ணு சொல்றேன். 135 மி.லி. வந்ததும் கையில் இருக்கும் வயலை, அதாவது மருந்துக் குப்பியை, பார்க்கணும். லிக்னோகெயின் வயல் பொதுவா 30 மி.லி.தான். நாலு வயலுக்கு மேல ஒரு காலில் யாரும் போட மாட்டாங்க. அந்த இடத்திலேயே பேனாவை நிறுத்திட்டு முதல் வரிக்குப் போகணும். அளவு மீறினா உதடும் நாக்கும் மரத்துப் போகும், காதில் இரைச்சல் வரும், அப்புறம் வலிப்பு வரைக்கும் போகலாம். 13.5 என்பதும் உச்ச வரம்புதான். டாக்டர் கேட்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவா இருக்கும்.

நம்ம கரையில் திருக்கைக் குத்து நிறைய வரும் என்பதால் இதையும் சேர்த்து வச்சுக்கோ. வலி குறைய தாங்கும் சூடான தண்ணியில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், காலை வைக்கச் சொல்வோம். லிக்னோகெயின் போட்டாச்சுன்னா அந்தக் காலுக்குச் சூடு தெரியாது, வெந்து போனாலும் சொல்ல மாட்டார். அதனால் தெர்மாமீட்டரில் பார், இல்லைன்னா அவருடைய மற்ற காலை முதலில் வைக்கச் சொல்.

பாம்பன் மாணவி:
இப்போ புரியுது அக்கா. அப்படின்னா 1:1000 என்பது 1000 மி.லி.யில் 1 கிராம், ஒரு மி.லி.யில் 1 மி.கி. அனாபிலாக்சிஸுக்கு (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை) பெரியவருக்கு 0.5 மி.கி. தசையில் என்றால் 0.5 மி.லி. சரியா? 1:10,000 கேட்டால்? வார்டில் 1:1000 உள்ள 1 மி.லி. ஆம்பூல் மட்டும்தான் இருக்கு.

தொண்டி சிஸ்டர்:
சரி. தொடையின் வெளிப்பக்கம், நடுவில் போடுவாங்க. 1:10,000-க்கு அந்த 1 மி.லி.யோடு 9 மி.லி. சலைன் சேர்த்தால் 10 மி.லி.யில் 1 மி.கி., ஒரு மி.லி.யில் 0.1. இது இதயம் நின்றவருக்கு இரத்தக் குழாய் (சிரை) வழியா. சிரிஞ்சில் மருந்து பெயரும் செறிவும் எழுதி ஒட்டாமல் கீழே வைக்காதே, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி தண்ணியாத்தான் இருக்கும்.

கீழக்கரை ஸ்டாஃப் நர்ஸ்:
தங்கச்சி, அதே முறையில் லிக்னோகெயினோடு வரும் 1:2,00,000 அட்ரினலினையும் போட்டுப் பாருங்க.

பாம்பன் மாணவி:
2,00,000 மி.லி.யில் 1000 மி.கி. ஒரு மி.லி.யில் 0.005 மி.கி., அதாவது 5 மைக்ரோகிராம்.

கீழக்கரை ஸ்டாஃப் நர்ஸ்:
சரியா வந்திருக்கு.